மூணாம் நம்பர் அட்டை

நீங்க எப்பவாவது அடுத்தவன் அட்டையில சுட்டிருக்கீங்களா? ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சு தோட்டாவையும்? நான் சுட்டிருக்கேன். குடிச்சிட்டு இல்ல, தூக்கக் கலக்கத்துலயும் இல்ல. நல்ல வெளிச்சத்துல, காலைல எட்டரை மணிக்கு, கல்யாணம் பேசி வச்சிருந்த பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கும்போது. அவ அம்மாவும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும்போது.

பேசி வச்சிருந்தம்னு சொன்னது கொஞ்சம் சவுடால்தான். எங்க வீட்டுல பேசுனாங்க. அவங்க வீட்டுல ஒண்ணும் வைக்கல. அந்தக் கதைய மொதல்ல சொல்லிட்டு சுட்டதுக்கு வாரேன்.

யாரு பேரையும் எழுதப் போறதில்ல. காரணம் போகப் போக உங்களுக்கே தெரியும்.

பாளையங்கோட்டைக்குக் கெழக்க ஒரு குளம் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில நெறையும், தை முடியும்போது காஞ்சு வெடிச்சிரும். அந்தக் குளத்தோட கரைதான் எங்க ரைபிள் கிளப்போட சொத்து. கட்டடம் கெடையாது, நாற்காலி கெடையாது. கலெக்டர் கச்சேரியில எழுதி வாங்குன அனுமதிக் காயிதம் ஒண்ணு, சின்னத் தோட்டா போடுத ரைபிள் நாலு, கோரைப்பாய் ஒரு கட்டு, அவ்வளவுதான். கரைக்கு முன்னால ஆறு கம்பு நட்டு, கம்புக்கு ஒரு அட்டை வச்சு, மேல சின்னப் பலகையில நம்பர் எழுதியிருக்கும். அம்பது கெஜம் தள்ளி நாங்க குப்புறப் படுத்து சுடுவோம். தோட்டா அட்டையத் தாண்டி கரை மண்ணுக்குள்ள போயி அடங்கிரும். ஆடு மேய்க்கிறவன் குறுக்க வந்தாம்னா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு அவங்கூட சண்டை போடணும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அது உண்டு.

இதையெல்லாம் ஆரம்பிச்சது கால்வாய் ஓவர்சியர். ஆத்துத் தண்ணி எந்தக் கால்வாய்ல எத்தனை அங்குலம் போகுதுன்னு நாள் முழுக்க பாத்துக்கிட்டே இருந்த மனுசன். அதனாலயோ என்னவோ அப்படி ஒரு பொறுமை. படுத்தாருன்னா ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நடுவுல நாம போயி காப்பி குடிச்சிட்டு வந்துரலாம். அவரு எடம் எப்பவும் ரெண்டாம் நம்பர். என் எடம் அவருக்கு வலது கைப்பக்கம், மூணாம் நம்பர்.

நான் அவருக்கு நேர் எதிர். திருச்சினாப்பள்ளியில பி.ஏ. படிச்சிட்டு வந்து ஒரு வக்கீலு ஆபீஸ்ல டைப் அடிச்சிக்கிட்டு இருந்தேன். என் வெரலு வேகத்தப் பாக்க பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாவெல்லாம் வந்து நிப்பாங்க. அதே வேகத்துலதான் பேசுவேன், நடப்பேன், சாப்பிடுவேன், சுடுவேன். அவரு மொதத் தோட்டாவ விடுததுக்குள்ள என் அஞ்சும் முடிஞ்சு நான் எந்திரிச்சு வேட்டியில ஒட்டுன எறும்பத் தட்டிக்கிட்டு இருப்பேன். குறி ஒண்ணும் மோசமில்ல. கறுப்பு வட்டத்துக்குள்ளதான் விழும். அதுல எனக்கு ரொம்பத் திமிரு.

ஓவர்சியர் மக பெண்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வாத்திச்சி. எங்க வேதக்கோயில்ல, அதான் சர்ச்சுல, பாட்டு பாடும்போது நாலாவது வரிசையில நிப்பா. எந்த வரிசைன்னு நான் எண்ணி வச்சிருந்ததுலயே உங்களுக்கு விசயம் புரிஞ்சிருக்கும். எங்க அப்பாட்ட சொன்னேன். அப்பா போயி கேட்டாரு. ஓவர்சியர் காப்பி குடுத்து, ரொம்ப மரியாதையா பதில் சொல்லியிருக்காரு.

"பையன் நல்ல பையன்தான், அண்ணாச்சி. ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா பாக்கதுக்கு முந்தி சுடுதான். ஒரு வருசம் பொறுத்துப் பாப்போமே."

அப்பா வீட்டுக்கு வந்து இதச் சொன்னதும் எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "அவருக்கென்ன, கால்வாய்ல தண்ணி அளக்கிற ஆளு, கல்யாணத்தையும் அங்குலம் அங்குலமாத்தான் அளப்பாரு"ன்னு கத்துனேன். அப்பா சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, "நீ இப்பக்கூட பாக்காமத்தான் சுடுதே"ன்னு மட்டும் சொன்னாரு.

அது நடந்து மூணு வாரத்துல ஓவர்சியருக்குக் காய்ச்சல் வந்தது. ஒம்பது நாள்ல போயிட்டாரு. அவ்வளவுதான். நான் கத்துனது அவரு காதுக்குப் போகல. ஆனா என் காதுல ரொம்ப நாளு கெடந்தது.

அந்த வருசம் முழுக்க எங்க வீட்டுலயிருந்து யாரும் பேச்செடுக்கல. சாவு வீட்டுல போயி எப்படிக் கேக்க? நடுவுல பட்டணத்துல டாக்டருக்குப் படிக்கிற ஒருத்தனுக்கு அவளக் கேட்டு ஆளு வந்துட்டுப் போனதா காதுல விழுந்தது. ரெண்டு நாளு நான் டைப் அடிச்ச காயிதம் எல்லாத்தையும் வக்கீலு கிழிச்சுப் போட்டாரு. கடைசியில எங்க அம்மா பொறுக்க மாட்டாம கோயில் வாசல்ல வச்சு ஓவர்சியர் வீட்டம்மாட்ட மெல்ல கேட்டிருக்கா. அதுக்கு அவங்க சொன்னது:

"அவுக ஒரு வருசம் பாப்போம்னுதான சொன்னாவ. மாசியில வருசம் முடியுது. அன்னைக்கு கிளப்புல அவுக நெனப்பா போட்டி வைக்கப் போறாங்களாம். நானும் வாரேன். பாத்துட்டு சொல்லுதேன்."

இந்த ஒத்தப் பேச்சை வச்சுக்கிட்டு நான் ஒரு மாசம் தூங்கல. பாத்துட்டுன்னா என்னத்தப் பாத்துட்டு? நான் ஜெயிக்கணுமா? மெதுவா சுடணுமா? தினமும் சாயங்காலம் வீட்டு மச்சுல வெளக்குமாத்துக் கட்டைய ரைபிளாட்டம் புடிச்சுக்கிட்டு படுத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் இருவது எண்ணிப் பழகினேன். ஏழு எண்ணுததுக்குள்ள வெரலு தானா மடங்கிரும்.

போட்டின்னா பெரிய போட்டி ஒண்ணுமில்ல. பணம் கெடையாது, வெளியூர்க் கூட்டம் கெடையாது. கிளப்பு ஆளுங்க பதினாலு பேரு, ஓவர்சியர் சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேரு. ஆளுக்கு அஞ்சு தோட்டா. ஜெயிக்கிறவங்களுக்கு ஓவர்சியர் காப்பி குடிச்ச வெள்ளி டம்ளரக் குடுக்கேன்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்க. நடுவரு எங்க வக்கீலு. அவரு சைவப் பிள்ளைமாரு. ஓவர்சியருக்கு உயிரான கூட்டாளி. இந்த விசயத்துல ஒரு யோசனையும் அவருதான் சொன்னாரு: அன்னைக்கு ஒரு நாளு ரெண்டாம் நம்பர் எடத்துல யாரும் படுக்கக் கூடாது. அந்தக் கம்புல அட்டையும் வைக்கக் கூடாது. சும்மா விட்டுரணும்.

காலைல நாங்க போகும்போது வக்கீலு அதுக்கு முந்தியே வந்து அந்த வெத்துக் கம்புல ஒரு மல்லிகை மாலையும் போட்டு வச்சிருந்தாரு. எங்க கோயில் பெரியவரு ஒருத்தரு மொகம் சுளிச்சாரு. "நம்ம வேதத்துல செத்தவங்களுக்கு மாலை போடுதது முறையா வே?" அப்படின்னாரு. வக்கீலுக்கு மொகம் செத்துப் போச்சு. கழட்டவும் மனசில்ல, விடவும் தைரியமில்ல, கம்புப் பக்கத்துல கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்காரு. அப்பத்தான் ஜட்காவுலயிருந்து அந்தம்மா எறங்கி வந்தாங்க. வெள்ளைச் சேலை. மாலையப் பாத்துட்டு நின்னாங்க.

"கெடக்கட்டும் அண்ணாச்சி. அவுகளுக்கு மல்லிப்பூ வாசம்னா உசிரு"ன்னாங்க. அதோட பெரியவரு வேப்பமரத்தடிக்கு நகந்துட்டாரு.

பின்னாலயே அவ எறங்குனா. அவளுக்குப் பின்னால, ஒரு ஓலைப்பெட்டி நெறைய சில்லுக்கருப்பட்டியோட, அவ மாமா.

இந்த மாமாவப் பத்தி சொல்லணும். அந்தம்மாவுக்குக் கூடப் பெறந்த தம்பி. சாத்தான்குளத்துல பள்ளிக்கூட வாத்தியாரு. நாப்பது வயசுக்கு மேல இருக்கும். ஈ எறும்புக்குக்கூட வலிக்கக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு. நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். வருசா வருசம் கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்கா வீட்டுக்கு வருவாரு. அத்தான் கூட கிளப்புக்கும் வருவாரு. ஓவர்சியர் அவருக்கு ரைபிளக் குடுத்துப் படுக்க வைப்பாரு. அண்ணாச்சி வெரல மடக்கும்போது ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிடுவாரு. வருசம் அஞ்சு இருக்கும். அட்டையில ஒரு ஓட்டை விழுந்து நாங்க பாத்ததில்ல. "அண்ணாச்சி, கரைய உட்டுராதீய, அதுலயாவது படட்டும்"னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அவரும் சேந்து சிரிப்பாரு. ஓவர்சியர் மட்டும் சிரிக்க மாட்டாரு. "அடுத்த வருசம் படும், மாப்பிள்ளை"ம்பாரு.

அன்னைக்கு அண்ணாச்சி சிரிக்கல. எங்கிட்ட வந்து கையப் புடிச்சாரு. 

"தம்பி, நானும் சுடணுமாம். அக்கா சொல்லுதா. அத்தான் இல்லாம நான் எப்படிப் படுப்பேன்?"

"அதுக்கென்ன அண்ணாச்சி, எம் பக்கத்துல படுங்க"ன்னேன். நான் மூணு, அவரு நாலு. நானாச் சொன்னதுதான். பொண்ணு வீட்டுக்காரரு நம்ம பக்கத்துல இருந்தா நல்லதுன்னு ஒரு கணக்கு.

மொத ரெண்டு தடவையா எட்டு பேரு சுட்டு முடிச்சாங்க. அதுவரைக்கும் ஜாஸ்தி இருவத்தி ரெண்டு. அஞ்சு தோட்டாவும் நடு வட்டத்துல பட்டா இருவத்தஞ்சு. இருவத்தி ரெண்டு எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. மூணாவதா எங்க தடவை. பாயில படுத்தேன். எடது பக்கம், ஓவர்சியர் படுக்கிற எடத்துல பாயும் இல்ல, ஆளும் இல்ல. அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். வலது பக்கம் அண்ணாச்சி வாய்க்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காரு. அவருக்கும் அங்கிட்டு, வேப்பமர நெழல்ல, அன்னைக்குன்னு கொண்டாந்து போட்ட பெஞ்சுல அவ. மடியில கைய வச்சுக்கிட்டு நேரா என்னையே பாக்கா. அந்தப் பக்கமும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.

ரெண்டு பக்கமும் பாக்காம, நேரா அட்டையப் பாத்தேன். இப்பதான் கவனமாக் கேளுங்க.

அஞ்சு வருசமா நான் நம்பர் பலகையப் பாத்து சுட்டதே இல்ல. எடதுலயிருந்து எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அதுதான் நம்ம அட்டை, சுடு. வெரல்ல கணக்குப் போடுத மாதிரி. அன்னைக்கும் எண்ணுனேன். ஆனா ரெண்டாவது கம்புல அட்டை இல்லியே! மாலைதான இருக்கு! நான் எண்ணுன மூணாவது அட்டை, நாலாம் நம்பர் அட்டை. அண்ணாச்சி அட்டை.

சவத்து மூதி, ஒரு தடவை தலையத் தூக்கி பலகையப் பாத்திருந்தா போதும்.

"சுடலாம்"னு வக்கீலு சொன்னாரு. நான் இருவது எண்ணப் பாத்தேன். முடியல. ஆனா ஒம்பது, பத்து வரைக்கும் எண்ணுனேன், சத்தியமா. எனக்கு அதுவே பெரிய தவம். அஞ்சும் நல்லாப் போன மாதிரி தெரிஞ்சது. எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டு அவ இருந்த பக்கம் திரும்பி லேசா ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன்.

வக்கீலு போயி நாலு அட்டையையும் கழட்டிட்டு வந்தாரு. வாரப்பவே மொகம் ஒரு மாதிரி இருந்தது. ஒண்ணாம் நம்பர் பதினேழுன்னாரு. அப்புறம் மூணாம் நம்பர் அட்டையத் தூக்கி எல்லாருக்கும் காமிச்சாரு. முன்னயும் காமிச்சாரு, திருப்பி பின்னயும் காமிச்சாரு. அன்னைக்கு மட்டும் புது அட்டை போட்டிருந்தோம். பளிச்சுன்னு இருந்தது. ஒரு ஓட்டை இல்ல.

"ஏலே, பி.ஏ.! அஞ்சையும் எங்கலே கொண்டு போயி வச்சே? திருச்சினாப்பள்ளிக்கு அனுப்பிட்டியோ?"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கத்துனான்.

சிரிச்சாங்க பாருங்க, வேப்பமரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்து போச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. "இருக்காது ஐயா, நல்லாப் பாருங்க"ன்னு கத்துனேன். கரையப் பாத்தேன். அப்பத்தான் மாலை கண்ணுல பட்டது. ஒண்ணு, மாலை, மூணு, நாலு. 

அதுக்குள்ள வக்கீலு நாலாம் நம்பர் அட்டையத் தூக்கிட்டாரு. சிரிப்பு நின்னு போச்சு. அஞ்சு ஓட்டை. அஞ்சும் கறுப்புக்குள்ள. அவரு மூக்குக் கண்ணாடியத் தொடச்சிட்டு ரெண்டு தடவை கூட்டுனாரு.

"இருவத்தி மூணு"ன்னாரு. "சாத்தான்குளத்து அண்ணாச்சி, இருவத்தி மூணு!"

அண்ணாச்சி கண்ண மூடிக்கிட்டு சுட்ட அஞ்சும் எங்க போச்சோ, அந்தக் கரைக்குத்தான் தெரியும். அட்டையில இருந்தது எல்லாம் நான் சுட்டது. நான் ரெண்டு எட்டு முன்னால வச்சிட்டேன். "அது வந்து, அந்த அட்டை..." வரைக்கும் வாயில வந்துட்டு. கல்யாணமே இதுலதான தொங்குது! அந்தம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க. அஞ்சு தோட்டாவுல ஒண்ணுகூட அட்டையில படாத பயலுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஒரு வார்த்தை சொன்னா போதும். வக்கீலு வெவரமான ஆளு. ஒடனே புரிஞ்சுக்கிடுவாரு.

ஆனா அண்ணாச்சி எனக்கு முந்தி அந்த அட்டைக்கிட்ட போயிட்டாரு. வாங்கி ஒவ்வொரு ஓட்டையா வெரல வச்சுத் தடவிப் பாத்தாரு. அப்புறம் அந்த வெத்துக் கம்பப் பாத்தாரு. அப்படியே அட்டைய நெஞ்சுல வச்சுக்கிட்டு, மண்ணுல உக்காந்துட்டாரு.

"அக்கா, அத்தான் எங் கையப் புடிச்சாரு"ன்னாரு. "நான் கண்ண மூடிட்டுதான் சுட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாது. அத்தான்தான் கையப் புடிச்சாரு. அடுத்த வருசம் படும்னு சொன்னாருல்ல?"

நாப்பது வயசு மனுசன் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. யாரும் கிண்டல் பண்ணல. வக்கீலு தலப்பாவக் கழட்டி கையில வச்சுக்கிட்டாரு. அந்தம்மா எந்திரிச்சு வந்து தம்பி தலையில கைய வச்சாங்க. ஒரு வருசமா அவங்க அழுது யாரும் பாக்கலம்பாங்க. அன்னைக்கு அழுதாங்க.

நான் வாய மூடிக்கிட்டேன். பொறந்ததுலயிருந்து நான் வாய மூடுனது அந்த ஒரு தடவைதான். அது நல்ல கொணம்னு எல்லாம் நெனைக்காதீங்க. அந்த நேரத்துல அந்த மனுசன்கிட்ட இருந்து அதப் புடுங்க எனக்குக் கை வரல. அவ்வளவுதான். அவ இருந்த பக்கம் பாத்தேன். அவ தலையக் குனிஞ்சு மொகத்த முந்தானையால மூடிக்கிட்டு இருந்தா. தோளு குலுங்குது. சரி, முடிஞ்சது, டாக்டர் மாப்பிள்ளைதான்னு நெனச்சேன்.

மிச்சமிருந்த ஆளுங்க சுட்டாங்க. யாரும் இருவத்தி மூணத் தாண்டல. அண்ணாச்சிக்கு வெள்ளி டம்ளரக் குடுத்தாங்க. அவரு எல்லாருக்கும் ஓலைப்பெட்டியிலயிருந்து கருப்பட்டி குடுத்தாரு. எனக்கு மட்டும் ரெண்டு குடுத்தாரு. "வருத்தப்படாதீய தம்பி. அஞ்சு வருசமா எனக்கும் இப்படித்தான்"னு ஆறுதல் வேற. அந்தக் கருப்பட்டிய வேட்டி மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டேன்.

கூட்டம் கலைஞ்ச பொறவு நான் கம்பு புடுங்கிக்கிட்டு இருந்தேன். ஆளுங்க மொகத்தப் பாக்காம இருக்க அது ஒரு சோலி. அந்தம்மா தனியா அங்கன வந்தாங்க. கையில ரெண்டு அட்டை. ஒண்ணு என்னோடது, ஒண்ணு அண்ணாச்சியோடது.

"இதக் கொஞ்சம் பாருங்க"ன்னாங்க.

இங்கன ஒண்ணு சொல்லணும். எங்க கிளப்புக்கு அட்டை பட்டணத்துலயிருந்து வரணும். அதனால ஒரு அட்டைய ஒரு தடவையோட தூக்கிப் போட மாட்டோம். சனிக்கிழமை சுட்ட அட்டையெல்லாம் ஓவர்சியர் வீட்டுக்குப் போயிரும். அந்தம்மா பச்சரிசி மாவுல பசை காய்ச்சி, கறுப்பு வெள்ளைக் காயிதத்த நறுக்கி, ஒவ்வொரு ஓட்டையையும் ஒட்டி அடைச்சு குடுப்பாங்க. அஞ்சு வருசம். வாராவாரம். நாங்க சுட்டதுல அவங்க வெரல் படாத ஓட்டை கெடையாது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு வரைக்கும் நான் அத ஒரு விசயமா நெனச்சது கெடையாது.

நாலாம் நம்பர் அட்டையக் காமிச்சாங்க. "இந்த அஞ்சும் கீழ எடது பக்கத்துலயிருந்து மேல வலது பக்கமா ஏறுது பாத்தீயளா? ஏணி சாத்துன மாதிரி. அவசரமா சுடுதவருக்குத்தான் துப்பாக்கி இப்படி ஏறும்னு அவுக சொல்லுவாக. இந்த ஏணிய எத்தனை தடவை ஒட்டியிருப்பேன்!"



"எந் தம்பி அட்டைக்கு நான் இதுவரைக்கும் பசை காய்ச்சினதே இல்ல"ன்னாங்க.

அவங்க சிரிக்காங்களா அழுவுதாங்களான்னு தெரியல. நான் மண்ணப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி அழுதாரு"ன்னேன்.  பி.ஏ. படிச்சவன், கோர்ட்டுக்குப் போற காயிதமெல்லாம் அடிக்கிறவன், எனக்கு வேற ஒரு வார்த்தை வரல.

 கரை மேல ஆட்டுக்காரன் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனான். அந்தம்மா மூணாம் நம்பர் அட்டைய, அந்த வெள்ளை அட்டைய, முந்தானையால தொடச்சாங்க. அதுல தொடைக்க ஒண்ணுமில்ல.

"அவுக சொன்னது சரியாத்தான் போச்சு. நம்பரக்கூடப் பாக்காம சுட்டிருக்கீய"ன்னாங்க.

"ஆமா"ன்னேன்.  உண்மைதான.

"ஒரு வருசத்துல யாரும் மாறிர மாட்டாங்க. அது அவுகளுக்கும் தெரியும். அளந்து பாக்காம அவுக எதையும் விடுதது இல்ல, அவ்வளவுதான்." அட்டைய எங் கையில குடுத்தாங்க. "வார ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

நான் தலையாட்டுனேன்.

"வந்து இன்னைக்கு மாதிரியே வாயத் தெறக்காம உக்காருங்க. எந் தம்பியும் அன்னைக்கு இருப்பான்."

அவங்க போயி ஜட்காவுல ஏறுனாங்க. வண்டி திரும்பும்போது அவ ஒரு தடவை எட்டிப் பாத்தா. நான் ஒரு கையில கம்பும் ஒரு கையில அட்டையுமா கோட்டிக்காரன் மாதிரி நின்னேன்.

ஞாயித்துக்கிழமை போனோம். நான் வாயத் தெறக்கல. அண்ணாச்சிதான் பேசுனாரு, நிப்பாட்டாம. ரைபிள எப்படிப் புடிக்கணும், மூச்ச எங்க விடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. எங்க அப்பா என்னையப் பாக்காரு, அண்ணாச்சியப் பாக்காரு. இவன் எப்படி இப்படி அமைதியா கேட்டுக்கிட்டு இருக்கான்னு அவருக்கு வெளங்கல. நான் எல்லாத்துக்கும் "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி"ன்னேன். கதவுக்குப் பின்னால யாரோ இருமுத மாதிரி ஒரு சத்தம். ரெண்டு தடவை கேட்டது. சித்திரையில கல்யாணம்.

கல்யாணம் ஆயி ஒரு வாரம் இருக்கும். ஆத்தங்கரைப் பக்கம் நடந்து போகும்போது நான் பெரிய ரகசியத்த ஒடைக்கிற மாதிரி ஆரம்பிச்சேன். "அன்னைக்கு போட்டியில என்ன நடந்தது தெரியுமா?"

"நீங்க மாமா அட்டையில சுட்டீய"ன்னா.

"அத்தை சொன்னாங்களா?"

"அம்மா எங்க சொன்னாவ? அஞ்சு வருசமா காயிதம் நறுக்கிக் குடுத்தது யாரு? நானுல்லா! அட்டையத் தூக்கிக் காமிக்கும்போதே ஏணியப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் அழுதே?"

நின்னுட்டா. "நான் எங்க அழுதேன்?"

"முந்தானைய வச்சு மொகத்த மூடிக்கிட்டு, தோளு குலுங்க..."

"அட கூறுகெட்ட மனுசா, நான் சிரிச்சேன்! மாமா அழும்போது நான் சிரிச்சா நல்லாவா இருக்கும்? அதான் மூடிக்கிட்டேன். நீங்க வாயத் தெறந்துக்கிட்டு ரெண்டு எட்டு முன்னால வந்து, அப்படியே மூடுனீயளே, அப்பத்தான் கொஞ்சமா அழுகை வந்தது. கொஞ்சந்தான்."

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப தூரம் நடந்தோம். யாரும் ஒண்ணும் பேசல. எனக்கு அது பழகிக்கிட்டு வந்தது.

அண்ணாச்சிகிட்ட இதச் சொல்லணுமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள நாலஞ்சு தடவை வாக்குவாதம் நடந்திருக்கு. அவரு அதுக்கப்புறம் ஒரு தடவைகூட சுடல. "அத்தான் ஒரு தடவைதான் கையப் புடிப்பாரு. பேராசைப்படக் கூடாது"ம்பாரு. ஒலகச் சண்டை வந்த பொறவு தோட்டா வாரது நின்னு போயி கிளப்பும் படுத்துட்டு. நான் சொல்லிரலாம்னு சொன்னா இவ வேண்டாம்பா. இவ சொல்லிரலாம்னா நான் வேண்டாம்பேன். அத்தைகிட்ட கேட்டா, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னுட்டு தையலப் பாக்கப் போயிருவாங்க. இப்ப அவங்க ராதாபுரத்துல பெண்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தையல் சொல்லிக் குடுக்காங்க.

அதுக்காகத்தான் பேரு ஒண்ணும் போடல. அண்ணாச்சி பத்திரிகையெல்லாம் படிப்பாரு. படிச்சாலும், இது வேற ஊரு, வேற ஆளுன்னுதான் நெனப்பாருன்னு நம்புதேன். அவருக்கு அவரு சுட்டதுல சந்தேகமே கெடையாது.

எழுதுனத அவகிட்டக் காமிச்சு, இதப் போடலாமான்னு கேக்கணும். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ராதாபுரத்துக்குப் போயிருக்கா. புதன்கிழமைதான் வருவா. அது வரைக்கும் தபால்ல போடாம இருக்க முடியுதான்னு பாக்கணும்.